எரியாத பல்பு சொல்லாதது

சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்புக்கு மின்னியல் பாடம் நடக்கும் நாளில், ஆசிரியரின் மேசைமேல் அதிகச் சாமான் இருக்காது. டார்ச்சுக்குப் போடும் செல் இரண்டு, ஒரு சின்ன பல்பு, மூன்று துண்டு ஒயர். ஓரிடத்தில் ஒயரை இணைக்காமல் இடைவெளி விட்டிருப்பார். அந்த இடைவெளியில் ஆணியை வைத்தால் பல்பு எரியும். அழிரப்பரை வைத்தால் எரியாது. சாவி, காம்பஸ், சில்லறைக் காசு ஒரு பக்கம் சேரும். ஸ்கேல், சாக்பீஸ், சட்டைத் துணி மறுபக்கம் போகும். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்புறம் மின்கடத்திகள், வலப்புறம் அரிதிற்கடத்திகள்.

மணி அடிப்பதற்குள் முடிந்துவிடும் சோதனை. அதில் குறை சொல்லவும் ஏதுமில்லை. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் கைக்கு அகப்படும் பொருள்களையே ஒவ்வொன்றாக அந்த இடைவெளியில் வைத்துக்கொண்டே போனால், நடுவில் போட்ட கோடு நேராக நிற்பதில்லை.

முதலில் சுலபமானவை. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் செய்யும் வெள்ளிக் கொலுசை வைத்தால் பல்பு பளிச்சென்று எரியும். சாதாரண வெப்பநிலையில் வெள்ளியை மிஞ்சிய கடத்தி உலோகங்களில் கிடையாது. அடுத்து, துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒரு டம்ளர். கஞ்சமலை அடிவாரத்துச் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து தயாரிப்பது இந்த வகை எஃகுத் தகட்டைத்தான். காசு அடிப்பதற்கான நாணய வில்லைகளும் அங்கே வெட்டப்படுகின்றன. செம்போடு ஒப்பிட்டால் இந்த எஃகின் தடை ஏறக்குறைய 40 மடங்கு அதிகம். பல்புக்கு இதெல்லாம் உறைப்பதில்லை. கொலுசுக்கு எரிந்த மாதிரியேதான் டம்ளருக்கும் எரியும். உலர்ந்த ஜவ்வரிசிக்கு அசையாது. இருபுறமும் சீவிய பென்சிலின் கரிமுனைக்கோ மங்கலாக, எரிந்தும் எரியாமலும் ஒரு சிவப்பு. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்த வகுப்பு நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள்.

டார்ச் பல்பு பிரகாசமாக எரிய 0.3 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் வேண்டும். வழியில் ஐம்பது, அறுபது ஓம் தடை குறுக்கிட்டாலே இழை சிவக்காது. ஆகவே எரியாத பல்பு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எனக்கு வேண்டிய அளவு வரவில்லை. கொஞ்சமும் வரவில்லை என்று அது சொல்லவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு ஓர் எல்.இ.டி.யையும், அதோடு ஆயிரம் ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், ஒன்பது வோல்ட் பேட்டரியையும் மாட்டினால் கேள்வியே மாறிவிடுகிறது. ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான ஓட்டத்திலேயே எல்.இ.டி. கண்ணுக்குத் தெரிய ஒளிரும். இப்போது உப்புத் தண்ணீர் இடப்புறம் வந்துவிடும். புதிதாக வெட்டிய வாழைத்தண்டு வந்துவிடும். ஈரத் துணியும் வந்துவிடும். பொருள் எதுவும் மாறவில்லை.

இந்தச் சோதனையை முதன்முதலில் செய்தவரின் கதையே இதற்கு நல்ல சாட்சி. 1729-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஸ்டீபன் கிரே என்ற முதியவர், சாயத் தொழில் செய்து வாழ்ந்தவர், தன் நண்பர் கிரான்வில் வீலரின் மாளிகையில் ஒரு நீண்ட சணல் நூலைத் தொங்கவிட்டார். ஒரு முனையில் தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாய், மறுமுனையில் தந்தப் பந்து. குழாயில் உண்டான மின்னேற்றம் நூல் வழியே ஓடிப் பந்தை அடைந்தது. பந்து மெல்லிய பித்தளைத் தகட்டுத் துணுக்குகளை இழுத்தது. அந்த நூலைத் தாங்கிப் பிடிக்க மெல்லிய பட்டிழைகளைக் கட்டியிருந்தார்கள். மெல்லியதாக இருப்பதால்தான் மின்சாரம் அதன் வழியே தப்பிப் போகவில்லை என்று எண்ணினார்கள். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. அதே மெல்லிய கனத்தில் பித்தளைக் கம்பியைக் கட்டிப் பார்த்தபோது, பந்து ஒன்றையும் இழுக்கவில்லை. மின்சாரம் முழுவதும் கம்பி வழியே வீட்டுச் சட்டத்துக்குள் போய்விட்டது. மெல்லியதா தடித்ததா என்பது பொருட்டல்ல, எதனால் ஆனது என்பதே பொருட்டு என்று தெரிந்தது அன்றைக்குத்தான். பிறகு பட்டையே நம்பி அறுநூறு அடிக்கும் மேல் நூலை இழுத்துச் சென்றார்கள்.

சேலத்து வெண்பட்டு வேட்டியை நெய்பவர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும். உடல் முழுக்கக் கிரே நம்பிய பட்டு; கரையில் ஓடுவது அசல் சரிகையாக இருந்தால், பட்டிழைமேல் சுற்றிய வெள்ளித் தகட்டு இழை. ஒரே துணியில் கிரேயின் இரண்டு பக்கங்களும் இருக்கின்றன. ஆனால் கதையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. கிரேயின் கடத்தி ஒரு சணல் நூல்! ஆறாம் வகுப்பு மேசையில் அதை வைத்தால் பல்பு அசையாது. ஆசிரியர் அதை வலப்புறம் எழுதுவார். கிரேயின் கண்ணாடிக் குழாயில் இருந்தது ஆயிரக்கணக்கான வோல்ட். அவருக்கு வேண்டிய ஓட்டமோ ஓர் ஆம்பியரின் கோடியில் சில பங்கு. நூலில் ஊறியிருந்த இங்கிலாந்து ஈரம் அதற்குப் போதும். இருவர் போட்ட கோடும் சரியே. எந்தக் கருவியால் போட்டது என்று பக்கத்தில் எழுதிவைக்காததுதான் நம் பாடப்புத்தகங்களின் குறை.

இனி கல். கஞ்சமலையிலிருந்து உருண்டுவந்த கற்களைச் சுற்றுவட்டாரத்தில் யாரும் பொறுக்கலாம். உடைத்துப் பார்த்தால் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக இருக்கும். கறுப்பு, மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது; வெளுப்பு, படிகக்கல். 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் சேலம் மாவட்டத்து இரும்புத்தாதைத்தான் கொண்டுபோனார். பின்னாளில் உருக்காலை கஞ்சமலையைப் பக்கத்தில் வைத்துத் திட்டமிடப்பட்டதும் இந்தத் தாதை எண்ணித்தான், நடந்தது வேறாக இருந்தாலும். இந்தக் கல்லின் மேல்தோலை உரசி நீக்கிவிட்டு, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரே கறுப்புப் பட்டையின் நீளத்தில் அழுத்தினால், தாதுத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் முள் நகரும். ஒரு முனையைக் கறுப்பிலும் மறுமுனையை வெளுப்பைத் தாண்டிய அடுத்த கறுப்பிலும் வைத்தால் நின்றுவிடும். ஒரே கல், நீளவாக்கில் கடத்தும், குறுக்குவாக்கில் கடத்தாது.

ஆக்சைடுகள் பெரும்பாலும் கடத்தாதவை. துருவும் ஓர் இரும்பு ஆக்சைடுதான். துருப்பிடித்த ஆணியை உரசாமல் வைத்தால் வகுப்பிலேயே பல்பு ஏமாற்றும். மேக்னடைட் அந்தக் குடும்பத்தில் விதிவிலக்கு. அதில் இரண்டு வகை இரும்பு அணுக்கள் அருகருகே இருக்கின்றன. எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்குச் செலவு மிகக் குறைவு. அதையும் குளிர்வித்து, பூச்சியத்துக்குக் கீழே 150 டிகிரிக்கு அருகே கொண்டுபோனால் தாவல் அடங்கிக் கடத்தும் திறன் சட்டென்று நூறு மடங்கு விழுகிறது. டச்சு அறிவியலாளர் வெர்வே 1939-இல் எழுதியது இது. இன்றும் இயற்பியலாளர்கள் இதன் காரணத்தைப் பற்றி வாதிடுகிறார்கள்.

நகரின் இன்னொரு பக்கம் வெள்ளைக்கல் சுரங்கங்கள். அங்கே எடுக்கும் மேக்னசைட்டைச் சூளையில் சுட்டால் மக்னீசியா. உலைச் செங்கலுக்குப் போகிறது. இதே சேர்மத்தின் பொடியைத்தான் வீட்டில் தண்ணீர் சுடவைக்கும் ஹீட்டர் ராடுக்குள் இறுக்கி அடைக்கிறார்கள். உள்ளே நிக்ரோம் கம்பி, வெளியே உலோகக் குழாய், நடுவில் இந்த வெள்ளைப் பொடி. சூட்டை விடும், கரன்ட்டை விடாது. ராடு வெடித்து உள்ளே ஈரம் ஏறிவிட்டால் பொடி தன் வேலையை மறந்துவிடும்.

ஏற்காட்டு மலையும் கொல்லிமலையும் தந்த கல் வேறு வகை. அங்கிருந்து வெட்டிய பாக்சைட் மேட்டூர் மால்கோ ஆலைக்கு வந்தது. 1965-இல் தொடங்கிய ஆலை, 2008 வரை அலுமினியம் உருக்கியது. பாக்சைட்டைச் சுத்தம் செய்து கிடைக்கும் அலுமினா, பெயர்பெற்ற அரிதிற்கடத்தி; வண்டியின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் பகுதி அதுதான். அதை 950 டிகிரிக்கு மேல் உருகிய கிரையோலைட்டில் கரைத்து, அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஆக்சிஜனைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது கடத்தி. கிராமத்துக் கம்பங்களில் ஓடும் கம்பி பெரும்பாலும் இந்த அலுமினியம்தான், நடுவில் எஃகு இழையோடு. அதன் அளவுகளுக்கு வெள்ளைக்காரன் முயல், நாய், சிறுத்தை என்று விலங்குப் பெயர் வைத்துவிட்டுப் போனான். லைன்மேன்கள் இன்றும் ரேபிட், டாக், பாந்தர் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். செம்பின் கடத்தும் திறனில் அலுமினியத்துக்கு 60 சதவீதம்தான். எடையோ செம்பில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொங்கவேண்டிய பொருளுக்கு எடைதான் பெரிய கணக்கு.

அந்தக் கம்பிக்கு மேலுறை கிடையாது. அதைக் காப்பது பீங்கானும் சுற்றியுள்ள காற்றும். காய்ந்த காற்று ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்குமேல் அதுவும் கடத்தி; மின்னல் அதற்கு அத்தாட்சி.

வீட்டுக்குள் வந்தால் டெஸ்டர். எலக்ட்ரீஷியனின் சட்டைப் பையில் செருகியிருக்கும் அந்தச் சின்னத் திருப்புளியின் சூட்சுமத்தை யோசித்துப் பார்ப்பவர்கள் குறைவு. உள்ளே ஒரு நியான் பல்பு, அதோடு பத்து லட்சம் ஓம் அளவிலான ஒரு தடை. முனையை ஒயரில் வைத்து, தலையில் விரலை வைத்தால் எரிகிறது. விரலை எடுத்தால் அணைகிறது. அதாவது சுற்றை முடித்துவைப்பது பிடித்திருப்பவரின் உடம்பு. டார்ச் பல்பு எந்தக் கையை அரிதிற்கடத்தி என்று ஒதுக்கியதோ அதே கை இங்கே ஒயரின் வேலையைச் செய்கிறது. ஓடுவது கால் மில்லி ஆம்பியருக்குள் என்பதால் உடம்புக்குத் தெரிவதில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்று பார்த்தால் வெளிச்சம் மங்கும். பகலில் அதைப் பார்த்து “கரன்ட் இல்லை” என்று நினைத்துவிட இடமுண்டு. அனுபவமுள்ளவர்கள் டெஸ்டரை மட்டும் நம்பி ஒயரில் கைவைக்காததற்குக் காரணம் இது.

காய்ந்த தோலின் தடை லட்சம் ஓம் வரை போகும். வியர்வையிலோ சேற்றிலோ நனைந்தால் ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டில் முதலாவது 2 மில்லி ஆம்பியர், சுள்ளென்று ஒரு தீண்டல். இரண்டாவது 230 மில்லி ஆம்பியர், உயிர் போகும் அளவு. வீட்டு மெயின் போர்டில் மாட்டும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்குமாறு அமைக்கப்பட்டிருப்பதை இதோடு வைத்துப் பார்க்கலாம். மரமும் அப்படித்தான். காய்ந்த பலகையைப் புத்தகம் வலப்புறம் எழுதுவது சரி. மழையில் நனைந்த மூங்கிலையும் பச்சைத் தென்னை மட்டையையும் 11,000 வோல்ட் கம்பிக்குப் பக்கத்தில் அதே பட்டியலை நம்பி நீட்டக்கூடாது. தேங்காய் பறிக்க லேசாக இருக்கிறதென்று வந்திருக்கும் அலுமினியத் தொரட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

கோட்டை எங்கே போடுவது என்ற கேள்வி தினசரிப் பிழைப்பாக இருப்பது மோட்டார் காயில் கட்டும் கடைகளில். ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் என்று எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் ஒன்றிரண்டு இருக்கும். தோட்டத்திலிருந்து மோனோபிளாக் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருபவர் சொல்லும் முதல் வாக்கியம், “பாடி அடிக்குதுங்க.” கடைக்காரர் சீரிஸ் லாம்பை எடுப்பார்: வீட்டு மின்சாரத்தில் தொடராக ஒரு குண்டு பல்பு, இரண்டு ஒயர் முனைகள். ஒரு முனை காயிலில், மறுமுனை மோட்டாரின் இரும்பு உடலில். பல்பு எரிந்தால் காயில் உடலைத் தொட்டுவிட்டது, கதை முடிந்தது. பெரிய அளவில் செய்யப்படும் அதே ஆறாம் வகுப்புச் சோதனை.

எரியாவிட்டால்? அங்கேதான் சிக்கல். காயிலுக்கும் உடலுக்கும் நடுவே வார்னிஷும் காகிதமும் நைந்து 20,000 ஓம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே கசியக்கூடியது 11, 12 மில்லி ஆம்பியர். 60 வாட்ஸ் பல்பு அதற்குக் கண்ணே திறக்காது. ஆனால் எர்த் சரியில்லாத மோட்டாரைத் தண்ணீர் பாய்ச்சிய வரப்பில் வெறுங்காலோடு நின்று தொடுபவருக்கு, கையை விடுவித்துக்கொள்ள முடியாதபடி தசை இறுகும் எல்லை ஏறக்குறைய அதுதான். விவசாயி அடிக்கிறது என்கிறார், பல்பு இல்லை என்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் நல்ல கடைகளில் மெகர் இருக்கும். கையால் சுற்றினால் 500 வோல்ட் உண்டாக்கி, காப்பின் தடையை மெகா ஓமில் காட்டும் பெட்டி. ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரைத் திருப்பித் தரமாட்டார்கள். ஈரம் ஏறிய காயிலைக் காயவைத்து, வார்னிஷ் ஊற்றி, மறுபடி சூடாக்கி, மறுபடி சுற்றிப் பார்ப்பார்கள். வேளைக்கு வேளை முள் மேலேறுவதைப் பார்ப்பது அந்தத் தொழிலின் சந்தோஷங்களில் ஒன்று.

நீர்மூழ்கி மோட்டாரில் விஷயம் இன்னும் விசித்திரம். பலவற்றை இறக்குவதற்கு முன் உள்ளே நல்ல தண்ணீரை நிரப்பித்தான் இறக்கவேண்டும். செம்புக் கம்பி தண்ணீருக்குள்ளேயே கிடந்து ஓடுகிறது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் படலத்தில் ஊசிமுனை ஓட்டை விழாதவரை.

நாமக்கல்லின் கேஸ் டேங்கர் லாரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டயர் ரப்பர், ஆகவே வண்டியும் தரையும் தொடர்பற்றவை என்று நினைப்பது வழக்கம். டயருக்குக் கறுப்பு நிறம் தருவது கரித்தூள். அது ரப்பரைக் கொஞ்சம் கடத்தவைக்கிறது. அந்தக் கொஞ்சத்தை நம்பி விட்டுவிடுவதும் இல்லை. எரிவாயுவை இறக்கக் குழாய் மாட்டுவதற்கு முன் டேங்கரை எர்த் கிளிப்பால் தரையோடு இணைத்தாக வேண்டும். திரவம் ஓடும்போது சேரும் நிலைமின்சாரம் ஒரு பொறியாகத் தாவ இடம் கொடுக்கக்கூடாது.

இந்தச் சமவெளியில் செய்யப்படும் மிகப் பெரிய கடத்திச் சோதனை, மேசைமேல் அல்ல, தோட்டத்தில் நடக்கிறது. சேலம், நாமக்கல் நிலத்தின் அடியில் இருப்பவை சார்னோகைட், நைஸ் போன்ற பழமையான கடினப் பாறைகள். முழுப்பாறையில் தண்ணீர் நிற்க இடமில்லை; மேலே சிதைந்த சுக்காம்பாறையிலும், கீழே பாறை விரிசல்களிலும்தான் நிற்கும். நல்ல கரும்பாறை பல ஆயிரம் ஓம்-மீட்டர் தடையுள்ள அரிதிற்கடத்தி. ஈரம் ஊறிய சுக்காம்பாறை நூறுக்குக் கீழே இறங்கிவிடும். ஆக, தண்ணீரைத் தேடுவது என்பது அரிதிற்கடத்திக்குள் ஒளிந்திருக்கும் கடத்தியைத் தேடுவது.

இரும்புக் கம்பிகள் நான்கை ஒரே கோட்டில் தரையில் அடிப்பார்கள். வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்கம்பிகள் இரண்டுக்கும் நடுவே வோல்ட்டை அளப்பார்கள். இரண்டு கம்பி போதாதா என்றால், போதாது. கம்பி மண்ணைத் தொடும் இடத்தின் தடையே பல சமயம் அடியிலுள்ள பாறையின் தடையை மறைத்துவிடும். காய்ந்த மண்ணில் கம்பியைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றுவதும் இதற்காகத்தான். அளப்பதற்குத் தனியாக இரண்டு கம்பி வைத்துவிட்டால் அந்தத் தொல்லை கணக்கில் வராது. அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915-இல் சமதூரக் கம்பி முறையை வகுத்தார். பிரான்சின் கான்ராட் ஷ்லும்பர்ஜே அதற்குச் சில ஆண்டுகள் முன்பே தரைக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கத் தொடங்கியிருந்தார். கம்பிகளின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்சாரம் ஆழமாக இறங்கிச் செல்லும். ஒவ்வொரு இடைவெளிக்கும் வந்த அளவைத் தாளில் புள்ளி வைத்துச் சேர்த்தால் ஒரு வளைகோடு. அது எங்கே தாழ்கிறதோ அங்கே கவனிக்க வேண்டும். கிராமத்தில் இதற்கு இப்போது ‘ஸ்கேன் பண்றது’ என்று பெயர். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து ‘பாயிண்ட்’ பார்ப்பவரும் அதே தோட்டத்துக்கு அதே வாரத்தில் வருவதுண்டு. போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்வதில்லை. அடிக் கணக்குக்குத்தான் கூலி.

இந்தச் சோதனைக்கும் பல்பின் குறை உண்டு. இருநூறு மீட்டர் ஆழத்தில் கைவிரல் அகலத்தில் ஒரு விரிசல் இருந்தால், தரைமேல் அடித்த கம்பிகளுக்கு அது தெரியாது. இந்தப் பகுதியில் போர் ஆயிரம் அடியைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்டதால், தேடப்படும் தண்ணீர் பல சமயம் அளவைக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. இன்னொன்று, களிமண்ணும் நன்றாகக் கடத்தும். வளைகோடு தாழ்ந்திருப்பதைப் பார்த்துப் போட்ட போரில் வழவழவென்று களி மட்டும் வந்த கதை ஊருக்கு ஒன்று இருக்கும்.

தண்ணீர் வந்தாலும் ஒரு கணக்கு பாக்கி. சுத்தமான தண்ணீர் கிட்டத்தட்டக் கடத்தாது. கடத்துவது அதில் கரைந்த உப்பு. வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் தரும் சீட்டில் இ.சி. என்று போட்டிருப்பது இதைத்தான்: சிறு இடைவெளி விட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே தண்ணீர் எவ்வளவு கடத்துகிறது என்பதை மைக்ரோ சீமென்ஸில். மழைநீர் சில பத்துகளில் நிற்கும். மூவாயிரத்தைத் தொடும் போர்த் தண்ணீர் இந்த வட்டாரத்தில் புதிதல்ல. ஸ்கேனில் அந்த இடம் அவ்வளவு நன்றாகக் கடத்தியதற்குத் தண்ணீர் மட்டுமல்ல, அதன் உப்பும் காரணமாக இருந்திருக்கும். அந்தத் தண்ணீரைத் தென்னை தாங்கும். சின்ன வெங்காயம் தாங்காது. அதை நடுவதற்கு ஆள் சொல்லியிருப்பவர் சீட்டைப் பார்த்த பிறகு போன் பண்ணி நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கும்.